கயிறு இழுத்தால் பாடம் வரும்!

ஒரு குண்டுப் பையன். ஒரு ஒல்லிப் பையன். ஒரே ஊஞ்சலில் ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுகிறார்கள். யார் வேகமாகப் போய் வருவார்?

"குண்டன்தான்" என்று பாதிப் பிள்ளைகள் கத்தும். "இல்லே, ஒல்லிதான்" என்று மீதி கத்தும்.

இரண்டும் தப்பு!

மரக்கிளையில் இருந்து பிள்ளையின் இடுப்பு வரை ஏழரை அடி இருந்தால், 10 முறை போய் வர சுமார் 30 வினாடி ஆகும். குண்டனுக்கும் அதேதான், ஒல்லிக்கும் அதேதான். கயிற்றைக் குட்டையாக்கினால்தான் ஆட்டம் வேகம் பிடிக்கும். கைக்கடிகாரம் வைத்து எண்ணிப் பார்க்கலாம். (ரொம்ப உயரமாகத் தள்ளிவிடக் கூடாது. கணக்கும் பிசகும், பையனும் விழுவான்.)

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் இதற்குத் தனி ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மரம், ஒரு கயிறு போதும்.

மனப்பாடம்

6-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "விசையும் இயக்கமும்" என்று ஒரு பாடமே இருக்கிறது. பிள்ளைகள் அதை உரக்கப் படிக்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் சாயங்காலம் தெருவில் பம்பரம் விடுகிறார்கள், கிட்டிப்புள் அடிக்கிறார்கள். புத்தகத்தில் படித்ததும் இதுவும் ஒன்றுதான் என்று யாரும் சொல்வதில்லை.

யாருக்கு வெற்றி?

கயிறு இழுக்கும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பலசாலி இருக்கும் கட்சி ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பலசாலிகளைக் காலுறையோடு வழவழப்பான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். நோஞ்சான்களை வெறுங்காலோடு சொரசொரப்பான தரையில் நிறுத்துங்கள். பலசாலிகள் சறுக்கிக்கொண்டே வருவார்கள்!

கயிறு இரண்டு பக்கத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இழுக்கிறது. தரையைக் கால் பிடித்து நிற்கிறதே, அந்த உராய்வு யாருக்கு அதிகமோ அவருக்கே வெற்றி. பத்துத் தடவை கரும்பலகையில் எழுதினாலும் ஏறாத பாடம், ஒரு தடவை சறுக்கினால் ஏறிவிடும்.

ஆனால் ஒன்று. சும்மா இழுத்துவிட்டுப் போனால் அது வெறும் விளையாட்டுதான். இழுப்பதற்கு முன்னால் "யார் ஜெயிப்பா? ஏன்?" என்று வாத்தியார் கேட்க வேண்டும். பிள்ளைகள் தப்பாகச் சொல்ல வேண்டும். பிறகுதான் கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு

தரையில் ஒரு கோடு போட்டு, வேகமாக ஓடிவந்து கோட்டிலேயே நிற்கச் சொன்னால் ஒரு பிள்ளையாலும் முடியாது. இரண்டடியாவது தாண்டும். ஏறக்குறைய 800 அடி உயர ராஜகிரி மலையில் இருந்து ஓடி இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஓடும் பஸ்ஸில் இருந்து குதிக்கிறவர் முன்பக்கமாக விழுவதும் இதனால்தான். கால் தரையில் நின்றுவிடுகிறது, உடம்பு பஸ்ஸின் வேகத்திலேயே போகிறது. இதை 11 வயதில் விளையாடித் தெரிந்துகொண்டவன் 20 வயதில் படிக்கட்டில் தொங்க யோசிப்பான்.

அரசுக்கும் இது புதிது அல்ல. சென்னை மாநகராட்சியில் 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் சோதனைகள் செய்து காட்ட 2022 நவம்பரில் "வானவில் மன்றம்" தொடங்கப்பட்டது.

கடன் வாங்கிய பீரியட்

எல்லாம் சரி, பிள்ளை எப்போது ஓடுவது? பல பள்ளிகளில் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

"ஆடவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்களையும் ஒருநாள் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லலாம். செருப்போடு இழுப்பதா, கழற்றிவிட்டு இழுப்பதா என்று பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கட்டும்.