சித்திராபதியும் மாதவியும்

நாடகக் கணிகை சித்திராபதிக்கும் அவள் மகள் மாதவிக்கும் மூண்ட பிணக்கு, துறவு பற்றியது எனக் கோடல் எளிது. யாம் அவ்வாறு கருதுகிலேம். பன்னீராண்டில் அரங்கேறித் தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்ற மகள் ஆடலைத் துறந்தது தாய்க்குப் பேரிழப்பே, ஐயமில்லை. எனினும், இந்திர விழாவின்போது ஊரலர் உரைக்க வந்த வயந்தமாலையிடம் மாதவி கூறிய விடையை நோக்குக. தான் பெற்ற மணிமேகலையை அவள் கண்ணகியின் மகள் என்கின்றாள். கணிகையர் குடி பெண்வழியே தொடர்வது. இச்சொல்லாற் பாட்டிக்குப் பெயர்த்தி இல்லையாயினாள். பின்னர் உதயகுமரனைத் தூண்டிப் பெயர்த்தியை மீட்பேனெனச் சித்திராபதி சூளுரைத்தது இதன்பின் வியப்பன்று. அவன் மாண்டபின் அரசமாதேவியின் அடிவீழ்ந்து அவள் வேண்டியதும், தன் மனைக்கு மணிமேகலையைத் தருகவென்பதே. தேவி இசைந்திலள்.