மறுபடியும் ஓக் மரம்: நாக்கு ஏன் வறள்கிறது?

2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிங்கப்பூரின் கேலாங்கில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. அதனால் நண்பர் வீட்டு மேசையில்தான் மேக்கர்ஸ் மார்க் 46 என்ற பர்பன் விஸ்கியைத் திறந்தோம்.

பர்பன் என்றாலே தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம், உள்பக்கம் கரியாகச் சுட்ட புதிய ஓக் பீப்பாய். மேக்கர்ஸ் மார்க் 46-இல் கூடுதலாக, முதிர்ந்த விஸ்கி இருக்கும் பீப்பாய்க்குள் சூட்டில் வாட்டிய 10 பிரெஞ்சு ஓக் பலகைகளைச் சேர்த்து மீண்டும் ஊறவிடுகிறார்கள்.

சூட்டில் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் பிறக்கிறது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து காய்ச்சிய சர்க்கரையின் மணம். ஓக் லாக்டோன் தருவது தேங்காய் வாசனை. முதல் மோப்பத்திலேயே எனக்குத் தேங்காய் பர்பி நினைவுக்கு வந்தது. நம் ஊர் வெக்கையில் ஆல்கஹால் ஆவி சட்டென்று மூக்கைத் தாக்கும். கோப்பையை முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்.

விழுங்கிய பிறகுதான் உண்மையான சோதனை. மரத்தின் டானின் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொள்ள, நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது. கெட்டியான தே-ஓ குடித்ததைப் போன்ற துவர்ப்பு. இனிப்பு அடங்கியபின் அந்தத் துவர்ப்பு மட்டுமே நின்றால், மரம் மிஞ்சிவிட்டது என்பேன். இதில் மிஞ்சவில்லை. நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் சோளத்தின் இனிப்பு மேலே வந்தது.