மூப்பும் தைமஸ் சுரப்பியும்

நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. சமண முனிவர்கள் நரையைக் காட்டி நம்மை எச்சரித்தார்கள். ஆனால் நரைக்கு வெகுகாலம் முன்பே உடம்புக்குள் ஓர் உறுப்பு மூப்படையத் தொடங்கிவிடுகிறது. அதுவே தைமஸ் சுரப்பி. நான் மருத்துவன் அல்லன், மௌலா அலியில் கடை வைத்திருப்பவன். படித்து அறிந்ததை நம் குடும்பங்களுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருப்பது தைமஸ். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் வெள்ளணுக்களில் ஒரு பகுதி இங்கே வந்து பயிற்சி பெறுகிறது. எது தன் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்தறியத் தெரிந்தவை மட்டும் 'டி' அணுக்களாக வெளியேறும். மற்றவை அங்கேயே மடியும். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து இதை நீக்கிப் பார்த்தார். அவை தொற்றுநோயைத் தாங்க முடியாமல் மடிந்தன. அதுவரை இதை உபயோகமற்ற உறுப்பு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள்.

இதை ஆட்டிவைப்பவை ஹார்மோன்கள். வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டு ஹார்மோனும் இதைப் போஷிக்கின்றன. பருவ வயதில் பெருகும் பாலின ஹார்மோன்களும், கவலையிலும் நோயிலும் ஏறும் கார்ட்டிசாலும் இதைச் சுருக்குகின்றன. வயது ஏற ஏற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, தைமஸ் இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. தைமஸ் சுரக்கும் தைமுலின் வேலை செய்யத் துத்தநாகச் சத்து தேவை. சைவ உணவுக்காரர்களுக்கு அது பயறு, எள்ளில் கிடைக்கும். பயறை முளைகட்டிச் சாப்பிட்டால் இன்னும் நன்றாகச் சேரும்.

கடைக்காரன் பாஷையில் சொன்னால், புதுச் சரக்கு வரத்து குறைஞ்சுபோகுது. கிடங்கில் இருக்கிற பழைய சரக்கை வைத்துத்தான் வியாபாரம் ஓடணும். முன்பு கண்ட கிருமியைப் பழைய அணுக்கள் நினைவில் வைத்திருக்கும். புதுக் கிருமி வந்தால்தான் தடுமாற்றம். 2020இல் வந்த கொரோனா முதியவர்களை அதிகம் வாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழந்ததை ஹார்மோன் ஊசியால் மீட்கலாமா? 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கலிபோர்னியாவில் ஒன்பது ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை வேறு மருந்துகளோடு கொடுத்ததில், தைமஸில் கொழுப்பு குறைந்தது. ஆனால் ஒன்பது பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த ஹார்மோன் சர்க்கரையையும் ஏற்றும். ஆகவே 'இளமை ஊசி' விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நம்பத் தகுந்த வழி வேறு. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2020இல் 60 வயது தாண்டியவர்களுக்குக் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் நினைவு 'டி' அணுக்கள் கூடியிருந்தன. நாமாகப் போய் அந்த ஊசியைக் கேட்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். பழைய கிடங்கையும் தட்டி எழுப்பலாம் என்பதே.

எங்கள் பகுதிப் பெரியவர்கள், "இந்த வயசில் எனக்கெதுக்குத் தடுப்பூசி? பேரப்பிள்ளைக்குப் போடுங்க" என்கிறார்கள். பேரனிடம் தைமஸ் முழு வேலையில் இருக்கிறது; தாத்தாவிடம் இல்லை. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்காமல் விடுவதுதான் தவறு.