பனிமலையில் தங்கவயல் புல்டோசர்!

மாரிகுப்பம், தண்டவாளம் முடிகிற ஊர். பங்காருபேட்டையில் பிரியும் கிளைப் பாதை இங்கே வந்து நின்றுவிடுகிறது. பொழுது விடியும் முன்பே சாப்பாட்டு டப்பாவும் கையுமாக ஒரு கூட்டம் பெங்களூர் வேலைக்கு ரயில் ஏறுகிறது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பல குடும்பங்களுக்கு இந்த ரயில்தான் சோறு போடுகிறது.

இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அண்மையில் லடாக்கின் லே நகருக்குப் போய் வந்தார். கோவிலுக்கோ, உறவினர் வீட்டுக்கோ அவர் போகவில்லை. ஒரு இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்கப் போனார்!

அவர் தங்கவயல் ‘பெமல்’ தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1964-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. புல்டோசரின் சக்கரங்களுக்கு மேல் ஓடும் இரும்புப் பட்டைகளைப் பூட்டுவது அவர் வேலை. அங்கே தயாரான புல்டோசர்கள் எல்லைச் சாலை அமைப்புக்குப் போகும். “பனி தள்ளப் போகுது” என்பார்கள். பனியை அவர் சினிமாவில்தான் பார்த்திருந்தார்.

“சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டு அழைத்துப் போனார்.

விடியலில் புறப்பாடு

ஸ்ரீநகரில் இரண்டு நாள் தங்கி உடம்பைக் குளிருக்குப் பழக்கிக்கொண்டு, இருவரும் சோன்மார்க் சேர்ந்தார்கள். அதுவரை கஷ்டம் இல்லை. 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆறரை கிலோ மீட்டர் சுரங்கப் பாதை இருக்கிறது. மறுநாள் விடியலில் வாடகை ஜீப்பில் இரண்டு இடம் கிடைத்தது. ஓட்டுநர் லடாக்காரர். பெங்களூர்ச் சந்தையில் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு பெரியவர் அவரோடு பேச்சுக் கொடுத்தபடியே வந்தார்.

பல்டாலைத் தாண்டியதும் சோஜிலா கணவாய் ஏற்றம் ஆரம்பமாகிறது. ஒருபுறம் மலைச் சுவர், மறுபுறம் அதலபாதாளம். பனி உருகும் ஏப்ரல் மாதம் என்பதால் வண்டிகளை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே விடுகிறார்கள். சாலையின் இருபக்கமும் வெட்டி விடப்பட்ட பனி, மாடி வீட்டு உயரத்துக்கு நின்றது.

கணவாயின் உயரம் சுமார் 11,500 அடி. அதைக் கேட்டதும் பெரியவர் மகனிடம், “உங்க தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்திலே கேஜ் ஏறி இறங்கினது பத்தாயிரம் அடிக்கும் கீழேடா. அவர் கீழே போன அளவுக்கு நாம மேலே வந்திருக்கோம்” என்றார்.

உண்மைதான். சாம்பியன் ரீப் 3,200 மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அங்கே உடம்பை வேக வைக்கும் சூடு. இங்கே எலும்பைத் துளைக்கும் குளிர்!

வழியை மறித்த பனி

கணவாய்க்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மேலிருந்து பனி சரிந்து சாலையை மூடியிருந்தது. நாற்பது, ஐம்பது வண்டிகள். அரிசி மூட்டை லாரி, காஸ் சிலிண்டர் லாரி, ராணுவ லாரி எல்லாம் அதில் அடக்கம். பின்னால் இருந்த ஜீப்பில் ஒரு தாய், காய்ச்சலில் கிடந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கார்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே பனி மீண்டும் சரியுமோ என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். சுரங்கத்தில் பாறை வெடிக்கும் ‘ஏர் பிளாஸ்ட்’ சத்தத்துக்குப் பயந்து வளர்ந்த பெரியவருக்கு அந்தப் பயம் புதிதல்ல.

அப்போது வளைவின் மறுபக்கம் ‘கடகட’வென்று சத்தம் கேட்டது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம வண்டி!” என்றார். மகன் நம்பவில்லை.

மஞ்சள் நிற புல்டோசர் ஒன்று பனியைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் பெமல் எழுத்துகள்! ஆபரேட்டர் முகத்தை மூடிக் கட்டியிருந்தார். பள்ளத்தின் விளிம்பு வரை போய்த் தள்ளிவிட்டுப் பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் பெரியவர் இரும்புப் பட்டையையே பார்த்தார். பட்டை வழுக்கினால் ஆபரேட்டரின் உயிர் மிஞ்சாது.

முக்கால் மணியில் வழி பிறந்தது. குழந்தை இருந்த ஜீப்பை முதலில் விட்டார்கள்.

டிராஸ் டீக்கடையில்

குளிருக்குப் பெயர் போன டிராஸ் ஊரின் டீக்கடையில் ஒரு ராணுவ வீரர், “ஐயா, தமிழா? எந்த ஊரு?” என்று கேட்டார்.

“தங்கவயல், மாரிகுப்பம். நீ எந்தப் பக்கம், தம்பி?”

“திருவண்ணாமலைங்க. மதராஸ் சாப்பர்ஸ். பெங்களூர் அல்சூரில்தான் பயிற்சி எடுத்தேன்.”

சோஜிலாவுக்கு முதலில் வண்டிப் பாதை போட்டவர்களே தங்கள் படைக்காரர்கள்தான் என்றார் அவர். 1948-ல் கணவாய் எதிரிகளின் கையில் இருந்தபோது, கோவேறு கழுதைகள் மட்டுமே போகும் தடத்தை மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் டாங்கிப் பாதையாக அகலப்படுத்தினார்கள். குடகைச் சேர்ந்த ஜெனரல் திம்மையாவின் தலைமையில் நவம்பர் 1-ந் தேதி டாங்கிகள் கணவாயைக் கடந்தன. லேயைக் காப்பாற்றிய பாதை அது.

டீக்குக் காசு கொடுக்க அவர் விடவில்லை.

ஓட்டுநர் சொன்ன செய்தி

கார்கிலில் பகல் சாப்பாடு. அதன் பிறகு மலைகளின் நிறமே மாறிவிடுகிறது. மரம் இல்லை, புல் இல்லை. பாதையிலேயே உயரமான போட்டு லா கணவாயை (13,479 அடி) கடக்கும்போது பெரியவருக்குத் தலை வலித்தது. கீழே லாமாயுரு மடாலயம், பிறகு சிந்து நதி.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஐந்தாறு மாதம் சோஜிலா மூடிக் கிடக்கும். இப்போது இருபுறமிருந்தும் பனியை வெட்டி, 2025-ல் 32 நாட்களிலேயே திறந்துவிட்டார்கள். கணவாய்க்கு அடியில் சுமார் 13 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதை வேலையும் நடக்கிறது. “அது முடிந்தால் வருஷம் முழுவதும் போகலாம். மேலே பனி தள்ள வண்டியே வேண்டியதில்லை” என்றார் ஓட்டுநர் சந்தோஷமாக.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. வேலை முடிந்துபோன ஊரிலிருந்து வந்தவர் அல்லவா?

பிறகு சொன்னார்: “நல்லதுதான். அந்தக் குழந்தை அங்கே காத்துக் கிடக்க வேண்டாம். வண்டிக்கு வேறு ரோடு கிடைக்கும்.”

இரவு ஒன்பது மணிக்கு லே விளக்குகள் தெரிந்தன. 11,500 அடி உயரத்தில் உள்ள நகரம். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாளாவது படுத்து ஓய்வெடுக்க வேண்டும். மாரடைப்பு, ஆஸ்துமா, சுரங்கத் தூசியால் வந்த நெஞ்சு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பயணத்தை நினைக்கவே கூடாது.

விடுதிக்காரரின் போனில் பெரியவர் மாரிகுப்பத்துக்குப் பேசினார். குளிர் எப்படி, சாப்பிட்டீர்களா என்று மனைவி கேட்டார். அதற்கெல்லாம் பதில் சொல்லாமல் அவர் சொன்னது இதுதான்:

“நம்ம வண்டியைப் பார்த்துட்டேன். நல்லா ஓடுது.”