269 நிமிடம், 1,25,400 ரூபாய்

சிங்கப்பூரின் மரினா பே தெருத் தடத்தில் ஒரு சுற்று 4.927 கி.மீ. ஃபார்முலா 1 பந்தயம் அங்கே 62 சுற்று. 2026இல் அது அக்டோபர் 9, 10, 11 தேதிகளில் வருகிறது. ஞாயிறு இரவு 8 மணிக்குப் பந்தயம் தொடங்குவது வழக்கம். நமக்கு அப்போது மாலை 5.30. வீட்டுத் திரையில் பார்க்கச் செலவு அதிகமில்லை. விமானம் ஏறிப் போய் வேலியோரம் நின்று பார்க்க ஆசைப்படுபவர், எவ்வளவு கொடுத்து எவ்வளவு பந்தயம் வாங்குகிறார் என்பதை ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் டிக்கெட் விலையைப் பார்த்ததும் மலைத்துப் போகிறார்கள், அல்லது துணிந்து வாங்கிவிடுகிறார்கள். கணக்கு அங்கே இல்லை.

முதலில் தாளின் இடப்பக்கம், அதாவது பணம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வியாழன் கிளம்பித் திங்கள் திரும்பும் ஒருவர், நான்கு இரவு தங்குகிறார், அறையை நண்பரோடு பகிர்ந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 70 ரூபாய் என்று போட்டிருக்கிறேன். கீழே உள்ளவை திட்டமிடுவதற்காக நான் ஒதுக்கிய தொகைகள்.

விசா, முகவர் கூலியோடு: 3,000
விமானம், போக வர: 30,000
மூன்று நாள் ‘வாக்அபவுட்’ (இருக்கையின்றி நின்று பார்க்கும்) டிக்கெட், 400 வெள்ளி: 28,000
அறையில் பாதி, இரவுக்கு 120 வெள்ளி வீதம் 4 இரவு: 33,600
சாப்பாடு, நாளுக்கு 35 வெள்ளி வீதம் 5 நாள்: 12,250
எம்.ஆர்.டி. ரயில், நாளுக்கு 6 வெள்ளி: 2,100
பயணக் காப்பீடு, சிம்: 2,500

கூட்டினால் 1,11,450 ரூபாய். இதில் பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் கார்டைத் தேய்த்தால் வங்கிகள் 3.5 விழுக்காடு வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. அந்தக் கூடுதலுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து 4.13 விழுக்காடு. டிக்கெட், அறை இரண்டுக்கும் மட்டுமே இது 2,544 ரூபாய். ஆகமொத்தம் 1,13,994. மழை, மருந்து, தவறிய ரயிலுக்குப் பதில் டாக்சி என்று பத்தில் ஒரு பங்கு கைவசம் இருக்கட்டும். முடிவில் நிற்பது 1,25,400 ரூபாய்.

இப்போது பங்கு பிரித்துப் பாருங்கள். பந்தய டிக்கெட் மொத்தச் செலவில் 22 விழுக்காடுதான். படுக்கைக்குப் போவது 27 விழுக்காடு. இதே ஆள் தனியாக அறை எடுத்தால் இன்னொரு 33,600 ரூபாயும் கார்டுக் கழிவும் சேர்ந்து ஏறக்குறைய 35,000 ரூபாய் கூடுகிறது. மூன்று நாள் டிக்கெட்டே 28,000தான். ஆகவே அறையைப் பங்கிட ஒரு துணை கிடைப்பது, டிக்கெட் இலவசமாகக் கிடைப்பதைவிடப் பெரிய லாபம். டிக்கெட்டில் எவ்வளவு தள்ளுபடி என்று வாரக்கணக்கில் தேடுபவர், அந்த நேரத்தில் உடன் வரும் ஆளைத் தேடலாம்.

அறை வாடகை ஏன் இவ்வளவு? பந்தயத்தை நடத்தும் செலவு பெரியது. 2018 முதல் 2021 வரைக்கான ஒப்பந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13.5 கோடி வெள்ளி என்று சொல்லப்பட்டது. அதில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மீட்க, பந்தய நாள்களில் விடுதிகளிடம் அரசு தனி வரி வசூலிக்கிறது. விடுதிகளும் அந்த வாரத்தை அறுவடை வாரமாகவே நடத்துகின்றன. விலைப் பலகையில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனமாகப் படியுங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. 100 வெள்ளி என்று எழுதியிருப்பது கையை விட்டுப் போகும்போது 119 வெள்ளி 90 காசு. நான் போட்ட 240 வெள்ளி அறை எல்லாம் சேர்த்த விலை.

அந்த விலைக்கு அறை தேட நல்ல இடம் லிட்டில் இந்தியாவின் தேக்கா. தடத்தையொட்டிய விடுதியின் சன்னலிலிருந்து கார்கள் தெரியும் என்பது உண்மை. அந்தச் சன்னலுக்கான விலையில் இங்கே இரண்டு பேர் சாப்பிட்டுத் தூங்கிப் பந்தயமும் பார்த்துவிடலாம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்தது புரொமனாட். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் பந்தயத் தடம் நடைதூரம். ரயிலில் அறிவிப்பு தமிழிலும் வரும். சனிக்கிழமை தகுதிச் சுற்று. அது புரட்டாசிச் சனி. விரதம் விடாதவர்களுக்கு சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது. பந்தய வளாகத்துக்குள் விலை ஏறும். வெளியே உணவங்காடி நிலையங்களில் 6, 7 வெள்ளிக்கு வயிறு நிறையும், அங்கே சேவைக் கட்டணமும் கிடையாது. 35 வெள்ளியை இந்த இரண்டையும் கலந்துதான் போட்டேன்.

எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில் அறை மலிவு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. 2026 முடிய இந்தியர்களுக்கு மலேசியா போக விசாவும் தேவையில்லை. ஆனால் தினமும் இரண்டு முறை குடிநுழைவு வரிசை, பலமுறை நுழையும் சிங்கப்பூர் விசா, நள்ளிரவில் பாலம் கடக்கும் கூட்டம். மிச்சமாகும் பணத்தைத் தூக்கத்தில் கட்ட வேண்டியிருக்கும். நான் போகமாட்டேன்.

இனித் தாளின் வலப்பக்கம். இங்கேதான் 2026 வேறு மாதிரி இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்த இரவுப் பந்தயத்தில் முதன்முறையாக ஸ்பிரின்ட் எனும் குறும்பந்தயமும் சேர்கிறது. வழக்கமான வார இறுதியில் 60 நிமிடப் பயிற்சி மூன்று, தகுதிச் சுற்று சுமார் 45 நிமிடம், பந்தயம் 100 நிமிடம் என்று ஃபார்முலா 1 கார்கள் தடத்தில் இருப்பது 325 நிமிடம். 2025இல் ஜார்ஜ் ரஸ்ஸல் வென்ற நேரம் 1 மணி 40 நிமிடம் 22 வினாடி என்பதால் பந்தயத்துக்கு 100 போட்டேன். ஸ்பிரின்ட் வார இறுதியில் பயிற்சி ஒன்றே ஒன்று, 60 நிமிடம். ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச் சுற்று 12, 10, 8 ஆக 30 நிமிடம். ஸ்பிரின்ட் குறைந்தது 100 கி.மீ. ஓட வேண்டும், இந்தத் தடத்தில் 21 சுற்று, சுமார் 34 நிமிடம். பிறகு 45, பிறகு 100. மொத்தம் 269.

56 நிமிடம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். பயிற்சி ஓட்டத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு வினாடிக்கும் விளைவு உண்டு என்கிற நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். வழக்கமான வார இறுதியில் அவை 145. ஸ்பிரின்ட் வார இறுதியில் 209. செலவு 1,25,400 ரூபாய் மாறவில்லை என்றால், அப்படிப்பட்ட ஒரு நிமிடத்தின் விலை 865 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்கு இறங்குகிறது. ஒருமுறைதான் போக முடியும் என்பவர் இந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 269 நிமிடமும் உங்கள் கண்ணில் படாது. வேலியோரம் ஓரிடத்தில் நின்றால் 300 மீட்டர் தடம் தெரிவதே நல்ல இடம். சுற்றில் அது 6 விழுக்காடு. ஒரு சுற்றுக்கு 95 வினாடி என்றால் உங்களுக்குப் பிடித்த ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் 6 வினாடிக்குக் குறைவாகத் தெரிவார். 62 சுற்றுக்கும் சேர்த்து 6 நிமிடம். மறுபக்கம், 2026இல் அணிகள் 11, கார்கள் 22. எல்லாம் முடிவு வரை ஓடினால் உங்கள் முன்னால் 1,364 முறை கார் கடக்கும். ஒருவரை மட்டும் பார்க்கப் போகிறவருக்கு நேரம் போதாது. பந்தயத்தைப் பார்க்கப் போகிறவருக்குக் கண் சிமிட்ட நேரமிருக்காது.

இருக்கை மாடமா, நின்று பார்க்கும் ‘வாக்அபவுட்’டா என்ற கேள்வியை இந்த 6 விழுக்காட்டை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். மாடத்துக்கு 1,200 வெள்ளி என்று ஒதுக்கினால் மொத்தம் 1,83,700 ரூபாய் ஆகிவிடும். 58,300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது நிச்சயமான இருக்கை, எதிரே பெரிய திரை, மறைக்காத பார்வை. வயதான பெற்றோரோடு போனால் யோசிக்காமல் மாடம். மற்றவர்களுக்கு, அதுவும் முதல் முறையாகப் போகிறவர்களுக்கு, நான் ‘வாக்அபவுட்’டையே சொல்வேன். மாடத்தில் மூன்று நாளும் ஒரே 300 மீட்டர். நடக்கிறவருக்கு வெள்ளி ஒரு வளைவு, சனி ஒரு வளைவு. ஞாயிறு மட்டும் சீக்கிரமே போய் இடம் பிடித்து நிற்க வேண்டும். 2025இல் மூன்று நாளும் சேர்த்து வந்தவர்கள் 3,00,641 பேர்.

நடப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. 1910இல் திறந்த ஆண்டர்சன் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்கிடையே கார்கள் நுழைந்து வெளியேறுவதைப் பார்த்துவிட்டு பாடாங் திடலுக்கு வந்தால், நகர மண்டபத்துக்கு எதிரே நிற்பீர்கள். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இந்தத் திடலில்தான். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். பக்கத்திலேயே எஸ்பிளனேட் பூங்காவில், ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய படைவீரர் நினைவிடம் நின்ற இடத்தை ஒரு கல் குறிக்கிறது. கார்கள் வரும் கனாட் டிரைவ் அதற்கு அருகிலேயே ஓடுகிறது. பந்தயத்துக்காகப் போகும் தமிழர் யாரும் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. செலவு ஒரு வெள்ளியும் இல்லை.

தடத்திலும் நம் ஊர்ச் சுவடு உண்டு. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர், 2012இல் எச்.ஆர்.டி. அணிக்காக இங்கே ஓட்டினார். சுவரில் மோதிப் பந்தயம் முடிந்தது. பாதுகாப்பு கார் வந்தது. தெருத் தடத்தில் சுவர் அவ்வளவு கிட்டே இருக்கிறது. 2024க்கு முன்புவரை இங்கே பாதுகாப்பு கார் வராத பந்தயமே நடந்ததில்லை. லாண்டோ நாரிஸ் வென்ற அந்த ஆண்டுதான் முதல் விதிவிலக்கு.

நிலையான தடம் வேண்டும், செலவும் பாதியாக வேண்டும் என்பவர்களுக்கு மலேசியாவின் செப்பாங் இருக்கிறது. ஒரு சுற்று 5.543 கி.மீ. 2017க்குப் பிறகு அங்கே ஃபார்முலா 1 இல்லை, மோட்டோஜிபி பைக் பந்தயம் நடக்கிறது. விசாச் செலவு இல்லை, அறை மலிவு. காருக்காகவே போகிறவருக்கு அது மாற்றாகாது.

தாள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. சுற்றுலா நிறுவனத்திடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் மூலத்திலேயே வரி வசூலிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வாங்கும் வரிசை: முதலில் உடன் வரும் ஆள், அடுத்து ரத்து செய்யக்கூடிய அறை, பிறகு டிக்கெட், பிறகு விமானம். அறை கையில் இல்லாமல் டிக்கெட் வாங்கியவர்தான் கடைசியில் அறைக்காரர் கேட்ட விலையைக் கொடுக்கிறார்.

குடும்பமாக நான்கு பேர் என்றால் 5,01,600 ரூபாய். அந்தத் தொகையைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் வெட்ட நினைப்பது ஞாயிறு இரவு அறையை. பந்தயம் 10 மணிக்குள் முடிந்துவிடும், நள்ளிரவுக்குப் பிந்தைய விமானத்தில் ஏறிவிடலாம், ஆளுக்கு 8,400 ரூபாய் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 2022இல் மழையால் பந்தயம் 9.05க்குத்தான் தொடங்கியது. அன்றைய 61 சுற்றில் 59தான் ஓட முடிந்தது. செர்ஜியோ பெரெஸ் கொடி கடந்தபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது. பந்தயம் முடிந்ததும் தடத்துக்குள் இறங்கி நடக்க ரசிகர்களை விடுவார்கள். கார்கள் ஓடிய அதே தார்ச்சாலையில், விளக்குகள் அணையுமுன், ரப்பர் துணுக்குகளுக்கு நடுவே நடக்கலாம். பாடாங் மேடையில் இசை நிகழ்ச்சியும் உங்கள் டிக்கெட்டிலேயே அடக்கம். விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்த இரண்டும் கிடைக்காது. வெட்டுவதாக இருந்தால் வியாழன் இரவை வெட்டுங்கள். வெள்ளி காலை வந்திறங்கினாலும் பயிற்சி தொடங்குவதற்குள் தேக்காவில் குளித்துச் சாப்பிட்டுவிட நேரமிருக்கும்.