ஏற்றி விடும் புத்தகமா, ஏமாற்றி விடும் புத்தகமா?



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "எந்தப் புத்தகமும் ஏமாற்றாது, படிக்கிறவன்தான் ஒழுங்காப் படிக்கிறதில்லை" என்றார். நல்ல மனசு ஐயா அவருக்கு! கதைப் புத்தகத்தைச் சொல்கிறார் போலிருக்கு. கதை பிடிக்கலைன்னா மூடி வச்சிட்டுத் தூங்கிடலாம். நான் பேச வந்தது குரூப் 4 கைடு. அது ஏமாத்தினா ஒரு வருஷமே போயிடும்.

அதை வாங்குறது யாரு? ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சிட்டு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஒப்பந்த வேலை பார்க்கிற பிள்ளைங்க. ஒரு ரூம்ல ஆறு பேர். வேலை நிரந்தரமாகுமா ஆகாதா, தெரியாது. பத்தாம் வகுப்புப் படிச்சிருந்தாலே எழுதலாம், தேறினா அரசாங்க வேலைன்னா யாருக்கு ஆசை வராது? 2024-ல் குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. மனு போட்டவங்க 20 லட்சத்துக்கு மேல! 200 கேள்வி, 300 மார்க். ஒரு கேள்வி தப்பினா ஒன்றரை மார்க் போச்சு. அந்த ஒன்றரை மார்க் இடைவெளிக்குள்ளே ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடிச்சு நிக்கிறாங்க.

இந்தப் பையன் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு, தூக்கத்தை விட்டுட்டுக் கைடைப் புரட்டுறான். அட்டையில் புது வருஷம். உள்ளே, தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32! 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தைப் பிரிச்சு செங்கல்பட்டு மாவட்டம் வந்தாச்சு. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து மொத்தம் 38 ஆயாச்சு. நம்ம தம்பி குடியிருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு மாவட்டம். வேலை பார்க்கிறது ஒரகடம், காஞ்சிபுரம் மாவட்டம். தினம் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ்ஸில் போறான். அவன் குடியிருக்கிற மாவட்டமே கிடையாதுன்னு சொல்லுது, அவன் காசு கொடுத்து வாங்கின கைடு! (சிரிப்பு)

இன்னொரு பக்கம், கோள்கள் ஒன்பதாம். புளூட்டோவை 2006-லேயே கோள் வரிசையிலிருந்து எடுத்தாச்சு. ஒப்பந்தம் முடிஞ்ச தொழிலாளி மாதிரி அதுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிட்டாங்க ஐயா. கைடுக்கு மட்டும் சேதி வரலை! (கைதட்டல்)

ஏன் இப்படி? உள்ளே இருக்கிற எழுநூறு பக்கத்தையும் மறுபடி கோர்த்து, திருத்தி அச்சடிச்சாத்தான் செலவு. அட்டையை மட்டும் மாத்தினா செலவு கொஞ்சம். ஆனா பரீட்சை மாறிக்கிட்டே இருக்கு. பொதுத்தமிழ்க் கேள்விகளுக்கு அடிப்படை பள்ளிப் பாடநூல்தான். அந்தப் பாடநூல்களே 2018, 2019-ல் மாறிடுச்சு. முன்னே தமிழோ ஆங்கிலமோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கலாம். 2021-ல் வந்த அரசாணைக்கு அப்புறம் தமிழ் கட்டாயம். அதில் 40 சதவீதம் வாங்காதவன் தரவரிசைக்கே வர முடியாது. பழைய கைடை நம்பி ஆங்கிலப் பகுதியைப் படிச்சவன் கதி என்ன, சொல்லுங்க? ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஒரு கதவு சரியாப் பொருந்தலைன்னா அந்த வண்டி வெளியே போகாது. அச்சகத்து வாசல்ல அப்படி யார் நிக்கிறா?

முப்பது நாளில் மொழி சொல்லித் தருகிற புத்தகத்தையும் சொல்லணும். 1998-ல் இங்கே ஹூண்டாய் கார் வெளிவந்த காலத்திலிருந்தே கொரியன் பேச்சு நமக்குப் பழக்கம். நம்ம 'வா', 'வாங்க' மாதிரி அங்கேயும் மரியாதைப் படி உண்டு. 'அன்னியோங்'னு கூட்டாளிகிட்டச் சொல்லலாம். மேலதிகாரிகிட்ட 'அன்னியோங்ஹசேயோ'ன்னு சொல்லணும். அந்த வித்தியாசத்தை எழுதாத புத்தகத்தைப் படிச்சிட்டுப் போனா, வணக்கம் வைக்கப் போய் வம்புல மாட்டிக்குவான்!

எல்லாக் கைடும் மோசம்னு நான் சொல்லலை. முந்தைய வருஷத்து வினாத்தாள்களைச் சரியான விடையோடு போட்டிருந்தா தாராளமா வாங்கலாம். ஆனா ஆறாம் வகுப்பிலிருந்து பாடநூல் எல்லாம் அரசாங்க இணையதளத்தில் இலவசமா இருக்கே! சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி வாங்குறாங்க. வீட்டுக்காரர் கட்டுறார்னு நினைக்காதீங்க, நீங்க கொடுக்கிற வாடகையில் அதுவும் இருக்கு. அந்த நூலகத்துக்குப் போய் உட்காருங்க.

மணி அடிச்சிட்டார் நடுவர். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. தம்பிகளே, அப்படியும் கடையில் கைடு வாங்கித்தான் ஆகணும்னா, அட்டையைப் பார்க்காதீங்க. மாவட்டங்கள் பக்கத்தைத் திறங்க. செங்கல்பட்டு இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா, வச்சிட்டு பஸ் ஏறுங்க. (பலத்த கைதட்டல்)