தானே வானம் பார்க்கும் கருவி

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விண்மீன்களைப் பார்த்திருப்பார்கள். எல்லா விண்மீனும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றின் ஒளி கூடும், குறையும். சில வெடித்து ஒளிவிட்டுப் பிறகு மங்கும். சில ஒளிகள் ஒரே இரவில் மறைந்துவிடும். அன்று பார்க்காவிட்டால் போனது போனதுதான்.

1867இல் சென்னையில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். கண் விழித்துச் செய்த வேலை அது.

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 2018இல் ஒரு தொலைநோக்கி வந்தது. கண்ணாடியின் அகலம் 70 சென்டிமீட்டர். அது தானே திரும்பும், தானே படம் எடுக்கும். அந்தக் குளிரில் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். புது ஒளி தோன்றியதாகச் செய்தி வந்தால் அந்தத் திசையைப் பார்க்கும்.

நம் ஊரில் வைக்கலாமே? இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். அங்கே உயரம் சுமார் 4,500 மீட்டர். மழை மிகக் குறைவு.